ஷிஃப்டும் பரீட்சையும்: வடசென்னையின் ஏ.எம்.ஐ.இ. காலம்

இன்றைய எபிசோட் ஒரு தேதியில் ஆரம்பிக்குது: 2013 மே 31, வெள்ளிக்கிழமை. அந்த வாரம் நியூஸ் சேனல்கள் முழுக்க ஐ.பி.எல். சூதாட்ட விவகாரம். அதனால் அன்றோடு முடிந்துபோன ஒரு விஷயம் நம்மில் பெரும்பாலானவர்கள் காதில் விழவே இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, எந்தக் காலேஜிலும் சேராமல், பரீட்சை மட்டும் எழுதி இன்ஜினியர் ஆவதற்கு இந்த நாட்டில் ஒரு வழி இருந்தது. பி.இ.க்குச் சமம் என்ற அங்கீகாரத்தோடு அதில் சேர அன்றுதான் கடைசி நாள்.

அந்த வழிக்குப் பெயர் ஏ.எம்.ஐ.இ. விரித்துச் சொன்னால், இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இந்தியா) என்ற அமைப்பின் அசோசியேட் மெம்பர். காலேஜ் முடித்து நேராக ஐ.டி. கம்பெனிக்குப் போன என் வயசுக்காரர்களில் பலருக்கு இது புதுசா இருக்கலாம். ஆனால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்ந்தவர்கள் இந்த எழுத்துகளை வீட்டு கேட்டில் பார்த்திருப்பீங்க. பெயர்ப்பலகையில் பெயர், அதன் கீழே டி.சி.இ., ஏ.எம்.ஐ.இ. இன்னும் பழைய ஆள் என்றால் எல்.சி.இ., ஏ.எம்.ஐ.இ. எங்கள் ஏரியாவில் பி.இ. என்று போட்டவர்களைவிட இவர்கள் அந்த எழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். ஏன் என்று போகப்போகப் புரியும்.

முதலில் அமைப்பைப் பற்றி. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது இந்தியாவின் தொழில் நிலையை ஆராய ஒரு கமிஷன் போட்டார்கள். சர் தாமஸ் ஹாலண்ட் அதன் தலைவர். இந்தியாவில் இருக்கும் இன்ஜினியர்களுக்கென்று ஒரு அமைப்பு வேண்டும் என்ற யோசனை அந்தக் கமிஷனோடு சேர்ந்து வளர்ந்தது. 1920 செப்டம்பரில் அமைப்பைச் சட்டப்படி பதிவு செய்தார்கள். எங்கே? கல்கத்தாவிலோ பம்பாயிலோ இல்லை, மெட்ராஸில்! அடுத்த வருஷம் பிப்ரவரியில் கல்கத்தாவில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்ட் திறந்து வைத்தார். தலைமையகம் அங்கேயே நிலைத்துவிட்டது. 1935ல் ராயல் சார்ட்டர் கிடைத்தது. சென்னையில் அவர்களுடைய மாநில மையம் சேப்பாக்கத்தில், சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. பீச்சுக்குப் போகும் வழியில் நீங்கள் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கும் கட்டடம்தான்.

பரீட்சையின் அமைப்பு எளிமையானது. பிரிவு ஏ, பிரிவு பி என்று இரண்டு கட்டம். பிரிவு ஏ-யில் கணக்கு, அறிவியல், அடிப்படை இன்ஜினியரிங். பிரிவு பி-யில் நீங்கள் எடுத்த கிளை: சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று. டிப்ளமோ முடித்திருந்தால் பிரிவு ஏ-யில் பாடங்கள் குறையும். வருஷத்துக்கு இரண்டு தடவை பரீட்சை, கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று. வகுப்பு கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது. பாடத்திட்டத்தைக் கொடுப்பார்கள், தேதியைச் சொல்வார்கள், நடுவில் என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு பிரிவையும் முடித்துவிட்டால் மத்திய அரசு வேலைகளில் அதை பி.இ.க்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். யு.பி.எஸ்.சி.யின் இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வையே எழுதலாம்.

சரி, ஈவினிங் காலேஜ் இருந்ததே, பார்ட்-டைம் பி.இ. இருந்ததே, அப்புறம் எதற்கு இது? இங்கேதான் நம்ம ஏரியாவின் கதை உள்ளே வருது.

எண்ணூர்–திருவொற்றியூர் ரோட்டை மனசுக்குள் கொண்டு வாங்க. எண்ணூரில் 1949ல் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொடுக்க ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ், 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955ல் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியது, திருவொற்றியூரில் புல்லட். அதற்கு முந்தின வருஷம் கார்போரண்டம் யுனிவர்சல். தீப்பெட்டி செய்த விம்கோ ஒரு ரயில் ஸ்டேஷனுக்கும், இப்போது ஒரு மெட்ரோ ஸ்டேஷனுக்கும் பெயரைக் கொடுத்துவிட்டது. அறுபதுகளின் கடைசியில் மணலியில் ரிஃபைனரி, 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம். தெற்கே ராயபுரம், அதையொட்டித் துறைமுகம். இவ்வளவும் ஒரே ரயில் பாதையில், ஒரே கடற்கரையில். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஷிஃப்ட்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஏ ஷிஃப்ட் காலை 6 மணி முதல் 2 வரை, பி ஷிஃப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிஃப்ட் 10 முதல் காலை 6 வரை. வாரா வாரம் மாறும். ஈவினிங் காலேஜ் வகுப்பு ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலேஜ் கிண்டியில். எண்ணூரிலிருந்து கிண்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எண்ணூரில் ரயிலேறி பீச் ஸ்டேஷன், அங்கே இறங்கித் தாம்பரம் வண்டி. ஏ ஷிஃப்ட் வாரத்தில் போய்விடலாம். பி ஷிஃப்ட் வாரத்தில் வாய்ப்பே இல்லை. சி ஷிஃப்ட் வாரத்தில் ஒன்பதரைக்கு கிண்டியில் இருப்பவர் பத்து மணிக்கு எண்ணூர் கேட்டில் எப்படி நிற்பார்? ஆக மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் வகுப்பு. ஈவினிங் காலேஜ் என்பது ஆபீஸ் நேரம் உள்ளவர்களுக்காக யோசித்த ஒன்று. பத்து–ஐந்து வேலைக்காரருக்கு அது வரப்பிரசாதம், சுழல் ஷிஃப்ட்காரருக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி.

ஏ.எம்.ஐ.இ.க்கு நேரமே தேவையில்லை என்று அர்த்தமில்லை. எந்த நேரம் என்பதை அது தீர்மானிக்கவில்லை, அவ்வளவுதான். விடியற்காலை ஆறு மணிக்கு சி ஷிஃப்ட் முடித்து வந்தவர் ஏழு மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து படிக்கலாம்.

இந்த எபிசோடுக்காக திருவொற்றியூரில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டியவர், டிராஃப்ட்ஸ்மேனாக வேலைக்குச் சேர்ந்து டிசைன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவர். பெயரும் கம்பெனியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சிவில் டிப்ளமோவோடு வேலைக்குப் போனவர், ஏ.எம்.ஐ.இ. முடிக்க ஒன்பது வருஷம் ஆனதாம். நடுவில் கல்யாணம், இரண்டு குழந்தை, ஒரு வேலைநிறுத்தம். "தம்பி, ஸ்ட்ரைக் நடந்த வருஷம்தான் நான் மூணு பேப்பர் பாஸ் பண்ணேன்" என்று சிரித்தார். சம்பளம் வராத மாதங்கள், படிக்க நேரம் கிடைத்த மாதங்கள். புத்தகங்களில் பாதி பழைய மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. ராமாமிர்தம் எழுதிய ஸ்ட்ரக்சர்ஸ் புத்தகம் அட்டை போய், தையல் பிரிந்து, இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒன்பது வருஷமும் பசங்களை நான்தான் சத்தம் போடாம வெச்சிருந்தேன், அதுக்கு யாரும் சர்டிஃபிகேட் தரல" என்றார். இதை விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் குறித்து வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் அந்தப் பெயர்ப்பலகைகளில் நான் பார்த்தவை எல்லாமே ஆண்களின் பெயர்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து புத்தகத்தைத் திறக்க ஒருவருக்கு முடிந்தது என்றால், அந்த வீட்டில் இன்னொருவருக்கு ஷிஃப்ட் முடியவே இல்லை என்றுதான் பொருள். ஏ.எம்.ஐ.இ.யைப் பற்றி நெகிழ்ந்து பேசுபவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம். "காலேஜுக்குப் போகாத இன்ஜினியரா?" என்று புருவம் உயர்த்துகிறவர்களுக்காக. வரலாற்றைப் பார்த்தால் கேள்வியைத் திருப்பித்தான் போட வேண்டும்: காலேஜுக்குப் போன இன்ஜினியர் எப்போது வந்தார்?

கிண்டி இன்ஜினியரிங் காலேஜின் ஆரம்பமே 1794ல் மைக்கேல் டாப்பிங் நடத்திய சர்வே பள்ளிக்கூடம். பையன்களைச் சேர்த்து, நிலம் அளக்கும் வேலையைச் செய்யவைத்தே கற்றுக்கொடுத்தார்கள். லண்டனில் 1818 ஜனவரியில் ஒரு காபி கடையில் கூடி இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் சிவில் இன்ஜினியர்ஸ் அமைப்பைத் தொடங்கியவர்கள் நம்ம வயசுப் பசங்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்கள் தேடிப்பிடித்துத் தலைவராக்கிய தாமஸ் டெல்ஃபோர்ட் கல்தச்சராகத் தொழில் பழகியவர். இங்கே நம் இன்ஸ்டிட்யூஷனின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவரான சர் ராஜேந்திரநாத் முகர்ஜி உடல்நலக் குறைவால் இன்ஜினியரிங் படிப்பை முடிக்காமலே வெளியேறியவர். கல்கத்தாவின் விக்டோரியா மெமோரியலைக் கட்டியது அவருடைய மார்ட்டின் கம்பெனி. ஹௌராவில் எப்படிப்பட்ட பாலம் வேண்டும் என்று ஆராய்ந்த கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவரிடம் யாராவது டிகிரி சர்டிஃபிகேட் கேட்டிருப்பார்களா என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வருது.

நம் துறைமுகமே இதற்கு நல்ல உதாரணம். 1861ல் கடலுக்குள் நீண்ட ஒரு இரும்புப் பாலம் மட்டும் போட்டார்கள். அப்புறம் முழுத் துறைமுகம் கட்ட முடிவெடுத்து, கராச்சியில் மனோரா அலைத்தடுப்பைச் செய்த வில்லியம் பார்க்ஸ் என்பவர் வடிவமைத்தார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். இரண்டு கைகளை நீட்டி அணைப்பதுபோல் கான்கிரீட் கற்களால் இரண்டு தடுப்புச் சுவர்கள், வாசல் நேராகக் கிழக்கே பார்த்து. 1881 நவம்பரில் ஒரு புயல். வேலை முடியப்போகிற நேரம். கைகளின் வெளிப்பகுதிகள் சரிந்து கடலில் போயின. கராச்சியில் நின்றது இங்கே நிற்கவில்லை. வங்காள விரிகுடாப் புயலின் அலைக்கு எதிராக ஒரு சுவர் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல அப்போது புத்தகம் கிடையாது, விழுந்த சுவர்தான் புத்தகம். 1904ல் போர்ட் டிரஸ்ட் தலைவராக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் புது வாசல் வைத்தார்கள். அவர் ரயில்வேயில் பாலமும் ஆற்றங்கரையும் கட்டிப் பழகி வந்தவர்.

அந்தச் சுவர் இன்னொரு பாடமும் நடத்திக்கொண்டே இருக்கு. நம் கடற்கரையில் மணல் வருஷத்தின் நிகரக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகம் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரை கரைந்தது. எங்கள் பாட்டி தலைமுறையில் தெருவே கடலுக்குள் போனவர்கள் உண்டு. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது ஒரு நிமிஷம் வடக்கே திரும்பிப் பாருங்க.

ஸ்பிரிங் பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. அவருடைய ஆபீஸில் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு கிளார்க் சேர்ந்தார். காலேஜில் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். கணக்குப் பிரிவின் தலைவர் நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். வேலை நேரம் போக மீதி நேரத்தில் அந்த கிளார்க் எழுதிய நோட்டுகளை இன்றும் உலகம் படித்துக்கொண்டிருக்கு. ஆமாம், ராமானுஜன்தான். அவர் இன்ஜினியர் இல்லை, ஆனாலும் வடசென்னையின் மிகப் பிரபலமான பார்ட்-டைம் மாணவர் அவர்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

மறுபடி விஷயத்துக்கு வருவோம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங்கில் இந்தப் பார்ட்-டைம் படிப்பு ஒரு சலுகை என்று நினைத்துக்கொண்டுதான் நான் வேலையை ஆரம்பித்தேன். பெரியவரிடம் பேசியபிறகும், ஐ.எஸ். கோடுகளைப் புரட்டியபிறகும் வேறு மாதிரி தெரிந்தது. இந்தத் தொழிலில் பி.இ. முடித்தவரும் பார்ட்-டைம் மாணவர்தான், சாகும்வரை.

காரணம் கோடுகள். நாம் எழுதும் கோடு இல்லை, இந்திய தர நிர்ணய நூல்கள். கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456. முதலில் 1953ல் வந்தது, பிறகு 1957, 1964, 1978, 2000 என்று திருத்தி வெளியிட்டார்கள். 1978 திருத்தம் சாதாரணமானது இல்லை. அதுவரை எல்லோரும் பழகியது வொர்க்கிங் ஸ்ட்ரெஸ் முறை: பீம் மேல் உண்மையில் எவ்வளவு பாரம் வருமோ அதைப் போடு, உள்ளே ஏற்படும் அழுத்தம் அனுமதித்த அளவுக்குள் இருக்கா பார், அனுமதித்த அளவைக் கம்பி, கான்கிரீட்டின் பலத்திலிருந்து நிறையக் குறைத்து வைத்திரு. 1978ல் முன்னுக்கு வந்தது லிமிட் ஸ்டேட் முறை. அதில் கேள்வியே வேற. இந்தக் கட்டடம் எந்த எல்லையில் இடியும்? எந்த எல்லையில் இடியாமலே, வளைந்தோ விரிசல் விட்டோ பயன்படாமல் போகும்? பாரத்தை ஒன்றரை மடங்கு ஆக்கு. கான்கிரீட்டின் பலத்தை 1.5ஆலும் கம்பியின் பலத்தை 1.15ஆலும் வகு. அப்போதும் நிற்கிறதா பார்.

சாஃப்ட்வேர்க்காரர்களுக்குச் சொல்றதுன்னா, இது வெர்ஷன் மாற்றம் இல்லை, மொழியே மாறின மாதிரி. 1975ல் பாஸான ஒருவருக்கு மூன்றே வருஷத்தில் கையிலிருக்கும் நோட்டு பழசாகிவிட்டது. பெரியவர் இரண்டாவது முறையாகப் புத்தகத்தோடு உட்கார்ந்தது அப்போதுதான். பரீட்சை முடிந்துவிட்டது, யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் பழைய முறையில் கையெழுத்துப் போட மனசு வரவில்லையாம். பேராசிரியர் பி.சி. வர்கீஸின் லிமிட் ஸ்டேட் டிசைன் புத்தகம் பின்னால் வந்தபோது மூன்றாம் முறை.

2000 திருத்தம் நம்ம கடற்கரைக்கு நேரடியாகப் பொருந்துவது. அதற்கு முன் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்15 கலவை போதும் என்று இருந்தது. 2000ல் குறைந்தபட்சம் எம்20 ஆக்கினார்கள். அதோடு, கட்டடம் எந்தச் சூழலில் நிற்கிறது என்று ஐந்து வகை பிரித்தார்கள். கடல்நீர்த் துளி தெறிக்கும் இடம் என்றால் எம்35, கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடி. அலை ஏறி இறங்கும் இடம் என்றால் எம்40, 75 மில்லிமீட்டர். காசிமேட்டில் பழைய கட்டடங்களின் சன்ஷேடைப் பார்த்திருக்கீங்களா? கான்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி எலும்பு மாதிரி வெளியே தெரியும். உப்புக் காற்று உள்ளே போய்க் கம்பியைத் தொட எவ்வளவு நாள் ஆகும் என்பதுதான் அந்த 50 மில்லிமீட்டரின் அர்த்தம்.

2002ல் இன்னொன்று. நில அதிர்வுக்கான ஐ.எஸ். 1893 திருத்தத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு மாற்றினார்கள். புது நூலின்படி இரண்டாம் மண்டலத்துக்கு மதிப்பு 0.10, மூன்றாம் மண்டலத்துக்கு 0.16. ஊர் நகரவில்லை, கணக்கு நகர்ந்துவிட்டது. 2007ல் இரும்புக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800ம் லிமிட் ஸ்டேட்டுக்கு மாறியது. தொழிற்சாலைக் கூரை, கிரேன் ஓடும் தூண், கன்வேயர் சட்டம் என்று எண்ணூர் முழுக்க இரும்பு என்பதை நினைவில் வைங்க. தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. என்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் ஆராய்ச்சி மையம் வேலையில் இருக்கும் இன்ஜினியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துவது இதற்காகத்தான்.

பிரிட்டனில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். 1908ல் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் என்று தொடங்கி 1922ல் பெயர் மாறிய இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்ஸ், முழு உறுப்பினர் ஆக ஒரு பரீட்சை வைத்தது. நீண்டகாலமாக அது ஏழு மணி நேரப் பரீட்சை. ஒரு கட்டுமானப் பிரச்சினை கொடுப்பார்கள், அதற்கு ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு தீர்வுகளைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கணக்கும் வரைபடமும் போட வேண்டும். டிகிரி கையில் இருந்தாலும் இதை எழுதியாக வேண்டும். காலேஜ் ஒரு பாதி, வேலையும் பரீட்சையும் மறுபாதி என்பது அவர்கள் எண்ணம்.

நம் ஊரில் என்ன நடந்தது? 2012 டிசம்பர் 6ம் தேதி மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. ஏ.எம்.ஐ.இ. மட்டுமல்ல, இதுபோல் பரீட்சை நடத்திய மற்ற தொழில் அமைப்புகளும் சேர்த்துத்தான். 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கு பழைய அங்கீகாரம் செல்லும், அதற்குமேல் கிடையாது. 2019 ஜூலையில் மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ் அமைப்பு ஒன்றின் வழக்கில் உச்சநீதிமன்றமும் இதே திசையில் தீர்ப்பளித்தது: டிகிரி தரும் அதிகாரம் சட்டப்படி பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகளுக்குத்தான், சங்கங்கள் தரும் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. 2013 மே 31க்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு.

இதற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பும் லேபும் இல்லாத இன்ஜினியரிங் எவ்வளவு தூரம் போகலாம் என்ற பயம் உண்மையானது. 2017 நவம்பரில் இன்னொரு வழக்கில், நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தபால் வழியில் கொடுத்த இன்ஜினியரிங் டிகிரிகளை உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்ததும் ரத்து செய்ததும் நடந்தது. அதில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அனுமதி வாங்காமல் கடை விரித்தவர்கள் அவர்கள். மௌலிவாக்கத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2014 ஜூன் 28, பதினோரு மாடிக் கட்டடம், 61 பேர். இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். என் தொழிலில் டிகிரி இல்லாமல் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு வருபவரை நாங்கள் கைதட்டி வரவேற்கிறோம், ஏனென்றால் எங்கள் தப்பு பெரும்பாலும் இரவில் ஒரு ரோல்பேக்கோடு போய்விடும். தூண் இடிந்தால் ரோல்பேக் இல்லை. கண்டிப்பு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஏ.எம்.ஐ.இ.யில் கண்டிப்பு குறைவாகவா இருந்தது? பரீட்சைதான் அதன் வலுவான பகுதி. பாஸாகாதவர்கள் வருஷக்கணக்கில் பாஸாகாமலே இருந்தார்கள், அதைச் சுற்றிப்போக வழியில்லை. பலவீனம் லேபிலும் வழிகாட்டலிலும் இருந்தது. அதைச் சரிசெய்யக் கிண்டி, தரமணி எல்லாம் இதே ஊரில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை லேப் திறக்க ஒரு ஏற்பாடு போதும். பலவீனமான பகுதியைச் சரிசெய்யாமல் வலுவான பகுதியின் மதிப்பை எடுத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். நீங்கள் மறுக்கலாம், கமெண்டில் சண்டை போடலாம்.

இப்போது என்ன இருக்கு? ஏ.எம்.ஐ.இ. பரீட்சை நின்றுவிடவில்லை, பி.இ.க்குச் சமம் என்ற முத்திரைதான் போனது. பி.இ. ஏற்கெனவே இருந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரக்சுரல் எம்.இ. பார்ட்-டைமாகப் படிக்கலாம், ஆறு செமஸ்டர், மூன்று வருஷம். டிப்ளமோக்காரர்களுக்காக, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பி.இ. வகுப்புகளை மாலையிலோ வார இறுதியிலோ நடத்தக் காலேஜ்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. சமீபத்தில் அனுமதி கொடுக்க ஆரம்பித்திருக்கு. நல்ல விஷயம்தான். இன்னொரு பக்கம், 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்று தனியாக ஒரு பதிவு இருக்கு, பதிவுக்குத் தகுதி கேட்பார்கள். கையெழுத்தின் எடை கூடிக்கொண்டே போகுது.

இந்த ஷோவைக் கேட்கும் ஒரு பையன் அத்திப்பட்டிலிருந்து எனக்கு எழுதியிருந்தான். 24 வயசு, சிவில் டிப்ளமோ, துறைமுகம் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். கான்கிரீட் போடும் நாட்களில் இரவும் பகலும் சைட்டில்தான். ஸ்ட்ரக்சுரல் டிசைனுக்குப் போக வேண்டும், வேலையை விட முடியாது, என்ன வழி என்று கேட்டிருந்தான். நான் விசாரித்ததில், மாலை வகுப்பு அவனுக்குக் கிடைக்கக்கூடிய வழி. 75 சதவீத அட்டெண்டன்ஸ் கேட்பார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் பேனாவை எடுத்து, பழைய ஷிஃப்ட் கணக்கையே காலண்டர் பின்பக்கத்தில் மறுபடி போட்டார். ஏ ஷிஃப்ட் வாரம், பி ஷிஃப்ட் வாரம், சி ஷிஃப்ட் வாரம். "மூணுல ஒண்ணு. முப்பத்துமூணு பர்சன்ட்தான் வருது தம்பி. அந்தப் பையனை இங்க கூட்டிட்டு வா. டிகிரி என்னால தர முடியாது, ராமாமிர்தத்தைத் தரேன். ஞாயித்துக்கிழமை காலையில வரட்டும்."